கதவை அடைத்தவரின் கடன்

சிறிய வினா என்றும் பெரிய வினா என்றும் நாம் பிரித்து வைத்திருப்பது நம்முடைய வசதிக்காகத்தான். கணக்குக் கேட்கப்படும் நாளில் அந்தப் பிரிவினை நமக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பது ஐயத்திற்குரியது. அணுவளவு நன்மையும் அணுவளவு தீமையும் விடுபடாமல் காணப்படும் என்று அறிவிக்கும் மார்க்கத்தைச் சார்ந்தவர்கள் நாம். ஆகவே, கொல்லைப்புறத்துக் கூண்டில் வளரும் ஒரு முயலுக்குத் துணையாக இன்னொரு முயல் வாங்கலாமா, வேண்டாமா என்ற கேள்வியை ஒரு மாத இதழில் எடுத்துக்கொண்டு ஆராய்வதில் பிழையொன்றும் இல்லை. வீட்டுப் பிள்ளைகள் சாதாரணமாகக் கேட்கும் கேள்விதான் இது. பெரியவர்களின் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கும் கேள்வியும் இதுவே.

கல்வராயன் மலைக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் சமவெளியில் அமைந்தது சங்கராபுரம். விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019ஆம் ஆண்டில் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். சுற்றிலும் கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளையும் பூமி. இத்தகைய ஊர்களில் கோழியும் ஆடும் வளர்ப்பது வழிவழி வந்த பழக்கம். முயல் வளர்ப்பதோ அண்மைக் காலத்தில் பிள்ளைகளின் ஆசையால் நுழைந்த பழக்கம். அவ்வூர் இல்லம் ஒன்றில் மூன்று தலைமுறையினரும் கூடியிருந்தபோது இந்தப் பேச்சு எழுந்தது. “அதுக்குத் துணை இல்லையே அத்தா, இன்னொண்ணு வாங்கித் தாங்க” என்றாள் சிறுமி. “ஒண்ணுக்கே புல் தேடி மாளலையேம்மா” என்றார் தந்தை. கேட்டுக்கொண்டிருந்த பாட்டியார், “எதையும் ஜோடியா வளர்க்கணும் தம்பி, ஒத்தையா அடைச்சு வைக்கிறது பாவம்” என்று தம் மகனிடம் சொன்னார்.

மூன்று சொற்களிலும் உண்மை இருக்கிறது. சிறுமியின் சொல்லில் இரக்கம் இருக்கிறது. தந்தையின் சொல்லில் பொறுப்பு இருக்கிறது. பாட்டியாரின் சொல்லில், யாவற்றையும் இணைகளாகவே படைத்ததாக அறிவிக்கும் திருமறையின் நிழல் படிந்திருக்கிறது. ஆயினும் மூன்றும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. எது மேலோங்க வேண்டும்? அதைத் தீர்மானிப்பதற்கு முன் முயல் என்ற அந்தப் பிராணியைப் பற்றியும், அதை அடைத்து வைத்திருக்கும் நம்மைப் பற்றியும் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

இரக்கத்திற்கு அறிவு வேண்டும்

முயல் என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் இரு வேறு இனங்களைக் குறிக்கிறது. கல்வராயன் மலைச் சரிவுகளிலும் புதர்க்காடுகளிலும் ஓடித் திரிவது நம் நாட்டுக் காட்டு முயல். அது வளை தோண்டுவதில்லை. புல்லிடையே உடலை அழுத்திப் படுக்கை செய்துகொண்டு பெரும்பாலும் தனித்தே வாழ்கிறது. அதன் குட்டிகள் உடல் முழுதும் மயிரோடும் திறந்த கண்களோடும் பிறக்கின்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்படும் பிராணி அது. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றமாகும்.

கூண்டுகளில் வளர்க்கப்படும் வெள்ளையும் சாம்பலுமான முயல் இதனின் வேறானது. ஐரோப்பாவைச் சேர்ந்த குழிமுயலின் வழித்தோன்றல் அது. அதன் முன்னோர் நிலத்தடியில் வளைகள் தோண்டிக் கூட்டமாக வாழ்ந்தன. ஒன்று புல் மேயும்போது மற்றொன்று தலை தூக்கிப் பார்க்கும். ஆபத்தை உணர்ந்தால் பின்காலால் தரையைத் தட்டி ஏனையவற்றை எச்சரிக்கும். ஒன்றன் தலையை மற்றொன்று நக்கிச் சுத்தம் செய்வதும், விலாவோடு விலா ஒட்டிப் படுத்து உறங்குவதும் அவற்றின் இயல்பு. கண் திறவாமலும் மயிரில்லாமலும் பிறக்கும் அதன் குட்டிகள் முதற்கணத்திலிருந்தே உடன்பிறப்புகளின் சூட்டில்தான் உயிர் தரிக்கின்றன.

இந்த வேறுபாட்டை அறிந்தால் சிறுமியின் இரக்கம் வெறும் கற்பனை அன்று என்பது விளங்கும். காட்டு முயலுக்குத் தனிமை அதன் இயல்பு. வீட்டு முயலுக்கோ அது நாம் சுமத்திய நிலை. கூண்டின் கம்பியை ஓயாது கடிப்பதும், தன் மயிரைத் தானே பிடுங்குவதும், மூலையில் அசைவற்று ஒடுங்கிக் கிடப்பதும் சலிப்பினாலும் தனிமையினாலும் அதற்கு நேரக்கூடியவை. பல்நோய், வயிற்று நோய் முதலியவற்றாலும் அது ஒடுங்கிவிடும் என்பதால், அத்தகைய அடையாளத்தைக் கண்டவுடன் துணை தேடி ஓடுவதற்கு முன் மருத்துவரைத் தேடுவது முறை. இரக்கம் கண்ணீரோடு நின்றுவிடுமானால் அது பாதி இரக்கமே. தான் யாருக்கு இரங்குகிறதோ அந்த உயிரின் இயல்பைக் கற்றுக்கொள்ளும்போதுதான் அது முழுமை பெறுகிறது.

பூமியில் ஊர்வனவும் சிறகால் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்தைத் திருமறையின் ஆறாவது அத்தியாயம், 38ஆம் வசனம் நமக்கு அறிவிக்கிறது. சமுதாயம் என்ற சொல்லை நாம் சற்று நின்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றே ஒன்றை எடுத்து வந்து கூண்டில் வைக்கும்போது, அதன் சமுதாயத்திலிருந்து அதை நாம் பிரித்து வைத்திருக்கிறோம். சந்தையில் நாம் கொடுத்த விலையில் அதற்கான ஈடு சேர்ந்திருக்கவில்லை.

ஒரே வீட்டின் இரு செய்திகள்

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். அறுத்து உண்ணுவதற்கு அனுமதிக்கப்பட்ட பிராணிதானே முயல்? அதன் தனிமையைப் பற்றி இத்தனை கவலை எதற்கு?

இதற்கு விடை காண நாம் மதீனாவுக்குச் செல்ல வேண்டும். அங்கே அபூதல்ஹா (ரலி), உம்மு சுலைம் (ரலி) தம்பதியரின் இல்லம் இருந்தது. உம்மு சுலைம் அவர்களின் மூத்த மகனார் அனஸ் பின் மாலிக் (ரலி) அவர்கள், நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்யும் பேறு பெற்றவர்கள். அவர்கள் வாயிலாக நமக்கு இரு செய்திகள் கிடைத்துள்ளன. மர்ருழ் ழஹ்ரான் என்னுமிடத்தில் முயலொன்றைத் துரத்திப் பிடித்து அபூதல்ஹா அவர்களிடம் கொண்டு வந்ததாகவும், அவர் அதை அறுத்துத் தொடைப் பகுதியைப் பெருமானார் (ஸல்) அவர்களுக்கு அனுப்ப, அவர்கள் அதை ஏற்றுக்கொண்டதாகவும் கூறுவது ஒன்று. முயல் ஆகுமான உணவு என்பதற்கு அறிஞர்கள் காட்டும் சான்று இதுவே.

மற்றொன்று, அதே வீட்டுப் பிள்ளையாகிய அபூ உமைரைப் பற்றியது. அனஸ் அவர்களின் இளைய சகோதரராகிய அச்சிறுவர் நுகைர் எனப்படும் சிறு பறவையை வைத்து விளையாடி வந்தார். அது இறந்தபோது அவர் வாடியிருப்பதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், அவருடைய பெயரோடு ஓசை இயைய அப்பறவையைப் பற்றி அன்புடன் விசாரித்தார்கள். ஒரு பேரரசுக்கு அடித்தளம் இட்டுக்கொண்டிருந்த தலைவர், ஒரு சிறுவனின் குருவிக்காகத் துக்கம் கேட்ட வரலாறு இது. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள இந்தச் சிறு செய்தியிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட பாடங்களைப் பிரித்தெடுத்துத் தனி நூலே இயற்றினார், ஹிஜ்ரி 335இல் மறைந்த ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் அவர்கள். பறவையைக் கூட்டில் வைத்து வளர்க்கலாம் என்ற அனுமதியும் அப்பாடங்களுள் அடங்கும்.

முயலை அறுத்ததும் அதே வீடு; பறவைக்காக வாடியதும் அதே வீடு. உண்பதற்கான அனுமதி, இரக்கத்தின் வாயிலை அடைத்துவிடவில்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. அறுக்கும்போதுகூடக் கத்தியைத் தீட்டிக்கொண்டு பிராணிக்கு நோவு குறையச் செய்ய வேண்டும் என்று ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி கட்டளையிடுகிறது. ஒரு சில கணங்களே நீடிக்கும் மரணத்திற்கு இத்தனை ஒழுங்கு விதிக்கப்பட்டிருக்குமானால், எட்டுப் பத்து ஆண்டுகள் நீடிக்கக்கூடிய ஒரு வாழ்வுக்கு எத்தனை ஒழுங்கு வேண்டும்!

பூனையை அடைத்த பெண்

வளர்க்க அனுமதி உண்டு. அதற்கு நிபந்தனையும் உண்டு. அந்த நிபந்தனை எது என்பதை நாம் எல்லோரும் சிறு வயதில் கேட்டிருக்கும் ஒரு செய்தியில் காணலாம். பூனை ஒன்றை அடைத்து வைத்துச் சாகவிட்ட பெண் தண்டனைக்கு ஆளான செய்தி அது. அச்செய்தியைப் பலரும் பட்டினி போட்டதற்கான தண்டனை என்ற அளவிலேயே சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த அறிவிப்பில் குற்றம் இரண்டு பகுதிகளாகச் சொல்லப்படுகிறது. அவள் அதற்கு உணவளிக்கவுமில்லை. பூமியில் உள்ள சிற்றுயிர்களைத் தானே தேடித் தின்னட்டும் என்று அதை விட்டுவிடவுமில்லை.

இந்த இரண்டாம் பகுதியில்தான் நம் கேள்விக்கான திறவுகோல் இருக்கிறது. தெருவில் திரியும் பூனைக்கு நாள்தோறும் சோறிடுவது நம்மீது விதியான கடமை அன்று. இட்டால் அது தருமம். கதவை அடைத்த மறுகணமே தருமம் கடனாக மாறிவிடுகிறது. ஏனெனில், கதவுக்கு அப்பால் அந்தப் பூனை தன் முயற்சியால் பெற்றுக்கொள்ளக்கூடிய ஒன்றை, அந்தக் கதவு தடுத்துவிட்டது. எதைத் தடுத்தோமோ அதை நாமே தர வேண்டும். தர இயலாவிட்டால் கதவைத் திறக்க வேண்டும். அடைத்தவரின் கடன் இதுவே.

பூனை விஷயத்தில் கதவு தடுத்தது உணவை. முயல் விஷயத்தில் கதவு எதையெல்லாம் தடுக்கிறது? உணவை மட்டுமா? ஓடுவதற்கான வெளியை, தோண்டுவதற்கான மண்ணை, வெயிலுக்கு ஒதுங்கும் வளையை, விலாவோடு விலா ஒட்டிப் படுக்கும் துணையை. இவை அனைத்தும் கதவுக்கு அப்பால் அதன் இனத்திற்கு இறைவன் வகுத்தளித்திருந்த வாழ்வின் பங்குகள். கீரையும் தண்ணீரும் வைத்துவிட்டோம், கடன் தீர்ந்தது என்று கூறுபவர், கடனின் முதல் தவணையை மட்டும் கட்டியவரே ஆவார்.

சுல்தானுல் உலமாவின் இரு விதிகள்

டமாஸ்கஸிலும் பின்னர் கெய்ரோவிலும் வாழ்ந்து, ஹிஜ்ரி 660இல், அதாவது கி.பி. 1262இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் பின் அப்துஸ் ஸலாம் அவர்களை அறிஞர்களின் அரசர் என்ற பொருளில் ‘சுல்தானுல் உலமா’ என்று அழைப்பர். மனிதர்மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளைத் தம்முடைய சட்டவிதி நூலில் அவர் வரிசைப்படுத்தியிருக்கிறார். முதுமையாலும் நோயாலும் பயன்படாத நிலைக்கு வந்துவிட்ட பிராணிக்கும் செலவு செய்ய வேண்டும். தாங்க முடியாத சுமையை ஏற்றலாகாது. அதன் தங்குமிடத்தை நன்றாக வைத்திருக்க வேண்டும். அதன் குட்டியை அதன் கண்ணெதிரே அறுக்கலாகாது என்றெல்லாம் அவர் எழுதிச் செல்கிறார்.

அந்த வரிசையில் நம் கேள்விக்கென்றே எழுதி வைத்ததுபோல் இரண்டு விதிகள் இருக்கின்றன. உரிய பருவத்தில் ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைக்க வேண்டும் என்பது ஒன்று. தன் இனத்தைச் சேர்ந்ததாயினும் பிற இனத்தைச் சேர்ந்ததாயினும், முட்டியோ காயப்படுத்தியோ அதற்குத் துன்பம் இழைக்கக்கூடிய பிராணியோடு அதைச் சேர்த்து வைக்கலாகாது என்பது மற்றொன்று. துணை, பிராணியின் உரிமை. பொருந்தாத துணையிலிருந்து பாதுகாப்பும் அதன் உரிமை.

விலங்கின் பகுத்தறிவை அளந்து பார்ப்பதை விட்டு, அதன் வேதனையையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்று இங்கிலாந்தின் ஜெரமி பெந்தாம் வாதிட்ட நூல் வெளிவந்தது 1789இல். அதற்கும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் இமாம் இவ்விதிகளை வகுத்துவிட்டார். பெருமை பேசுவதற்காக இதை இங்கே சொல்லவில்லை. 2006ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் விலங்கு நலச் சட்டம், ஒரு பிராணியின் தேவைகளைப் பட்டியலிடுகையில், ஏனைய பிராணிகளோடு சேர்ந்தோ அவற்றிலிருந்து பிரிந்தோ வாழும் தேவையையும் சேர்த்திருக்கிறது. 2008இல் நடைமுறைக்கு வந்த சுவிட்சர்லாந்தின் விதிமுறை, முயலைப் போலவே கூடி வாழும் கினிப்பன்றியைத் தனியாக வளர்க்கக் கூடாது என்கிறது. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம், பிராணி நியாயமான அளவு அசைய இடமில்லாத கூண்டில் அதை அடைப்பதைக் குற்றமாக்கியுள்ளது. உலகம் ஒவ்வோர் அடியாக எட்டிக்கொண்டிருக்கும் இடம், நம் முன்னோர் சுட்டிக்காட்டிய இடம். அதைப் படித்துவிட்டு அலமாரியில் வைத்துவிட்டவர்கள் நாம் என்பதுதான் சிந்தனைக்குரியது.

யாருக்காக அந்த இரண்டாவது?

இவ்வளவையும் கேட்டதும், அப்படியானால் நாளையே இன்னொன்று வாங்கிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். அவசரப்படலாகாது. செயல்கள் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன என்பது நம் மார்க்கத்தின் அடிப்படைகளுள் ஒன்று. ஆகவே, இரண்டாவது முயலை வாங்க எழும் எண்ணத்தின் உள்ளே இறங்கிப் பார்க்க வேண்டும்.

முதல் முயல் வந்த நாளில் வீட்டுப் பிள்ளைகள் அதைச் சுற்றியே கிடப்பார்கள். மாதங்கள் செல்லச் செல்லப் பள்ளிப் பாடமும் விளையாட்டும் கைப்பேசியும் அவர்களை இழுத்துக்கொள்ளும். கூண்டின் பக்கம் செல்வது குறையும். அப்போது மனத்தில் ஒரு முள் தைக்கும். அந்த முள்ளைப் பிடுங்குவதற்காக ஒரு துணையை வாங்கி உள்ளே விட்டுவிட்டால், இனி அவை ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும், நமக்கு ஓய்வு என்ற எண்ணம் இரக்கத்தின் ஆடையை உடுத்திக்கொண்டு வந்து நிற்கும். இந்த எண்ணத்தில் வாங்கப்படும் முயல், முதல் முயலுக்கு வாய்த்த துணை அன்று. நமக்குப் பதிலாக நாம் அனுப்பிய பதிலாள். ஓர் உயிரின் தனிமையைப் போக்குவதற்கான மருந்தாக இன்னோர் உயிரைப் பயன்படுத்தும்போது, அந்த இரண்டாவது உயிருக்கும் சொந்தமாக ஒரு வயிறும் ஒரு நோயும் ஒரு முதுமையும் இருக்கின்றன என்பது மறந்துபோகிறது. முயல் ஒன்று என்றால் அமானிதம் ஒன்று. இரண்டு என்றால் அமானிதம் இரண்டு. கூண்டு ஒன்றாக இருப்பதால் கணக்கு ஒன்றாகிவிடாது.

தந்தையின் தயக்கத்திற்கு இங்கேதான் மதிப்பு வருகிறது. அறிமுகமில்லாத இரு முயல்களைத் திடீரென்று ஒரே கூண்டில் விட்டால் அவை அன்போடு தழுவிக்கொள்வதில்லை, கடித்துக் குதறிக்கொள்கின்றன. முக்கியமாக வளர்ந்த ஆண்கள் இரண்டைச் சேர்த்தால் இரத்தக் காயம் ஏற்படும். முதலில் அடுத்தடுத்த கூண்டுகளில் வைத்து ஒன்றன் வாடை மற்றொன்றுக்குப் பழகச் செய்து, பிறகு இரண்டுக்கும் உரிமையில்லாத பொது இடத்தில் நம் கண்பார்வையில் சிறிது சிறிதாகச் சேர்த்துவைக்க வேண்டும். இதற்கு நாட்கள் ஆகும். சில வேளை வாரங்களும் ஆகும். இறுதிவரை பொருந்தாமல் போகும் முயல்களும் உண்டு. அப்படி நேர்ந்தால் கூண்டு இரண்டு, வேலை இரண்டு, தனிமையும் இரண்டு.

ஆணும் பெண்ணுமாக வாங்கினால் வேறொரு கணக்கு தொடங்குகிறது. பெண் முயல் சினையாகி ஏறக்குறைய முப்பத்தொரு நாளில் குட்டி ஈன்றுவிடும். ஈன்ற உடனேயே மீண்டும் சினையாகவும் அதனால் முடியும். ஈற்றுக்கு ஆறு குட்டிகள், ஆண்டுக்கு ஆறு ஈற்று என்று வைத்துக்கொண்டாலே, முதற்பெண் வயிற்றிலிருந்து மட்டும் முப்பத்தாறு. அக்குட்டிகளும் ஐந்தாறு மாதத்தில் குட்டி ஈனும் பருவத்தை அடைந்துவிடும். 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டைப் பொழுதுபோக்கிற்காக ஆஸ்திரேலியாவின் விக்டோரியாப் பகுதியில் இருபத்து நான்கு முயல்களை விட்டார். அவற்றின் சந்ததி அந்தக் கண்டத்தின் புல்வெளிகளையும் விளைநிலங்களையும் அழித்த வரலாறு உலகறிந்தது. கொல்லைப்புறம் ஒரு கண்டம் இல்லைதான். ஆனால் சிந்தனையின்மை எங்கும் ஒரே வேகத்தில்தான் பெருகுகிறது.

பெருகும் குட்டிகளை அறுத்து உண்ணலாமே என்று சிலர் கூறுவர். மார்க்கம் தடுக்கவில்லை. ஆயினும், பெயரிட்டு மடியில் வைத்து வளர்த்த பிராணியின் குட்டிகளை அறுக்க அந்த வீட்டுப் பிள்ளைகளின் மனம் ஒப்புமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடலாம் என்றால், அந்த வீடுகளிலும் அவை ஒற்றையாக ஒடுங்கத்தான் போகின்றன. ஒரு தனிமையைத் தீர்க்கப் போய் முப்பத்தாறு தனிமைகளைப் பங்கிட்டுக் கொடுப்பது எவ்வகையில் இரக்கமாகும்?

ஆணுக்குக் காயடித்துச் சேர்த்து வைப்பதே பெருக்கத்தைத் தடுத்துத் துணையையும் தரும் வழி என்று கால்நடை மருத்துவர்கள் கூறுகிறார்கள். பிராணிகளுக்குக் காயடிப்பது பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நன்மை கருதிச் செய்வதை ஹனஃபி அறிஞர்கள் அனுமதித்துள்ளனர். ஷாஃபிஈ அறிஞர்கள் நிபந்தனைகள் விதித்துள்ளனர். அவரவர் மத்ஹபின் ஆலிம்களைக் கேட்டுத் தெளிவதே முறை. முயலுக்கு மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்வதில் பழக்கமுள்ள மருத்துவர் வேண்டும். ஆடு மாடுகளையே நாளும் காணும் சிற்றூர் மருத்துவமனையில் அது எளிதன்று. கள்ளக்குறிச்சியிலிருந்து சேலம் செல்லும் சாலையில் தலைவாசலில் இப்போது கால்நடை மருத்துவக் கல்லூரி அமைந்திருப்பது இவ்வட்டாரத்தாருக்கு ஓர் ஆறுதல். போய் விசாரித்து அறிந்த பிறகு வாங்குவது அறிவுடைமை. வாங்கிவிட்டு விசாரிப்பது, கிணற்றில் இறங்கிவிட்டுக் கயிறு தேடுவது.

சங்கராபுரத்து வெயிலும் பத்தாண்டுக் கணக்கும்

இன்னும் இரண்டு செய்திகளைத் தந்தையார்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்று வெயில். முயல் வியர்ப்பதில்லை, தன் நீண்ட காதுகளின் வழியாகவே உடற்சூட்டை வெளியேற்றுகிறது. முப்பது பாகையைத் தாண்டிய வெப்பமே அதற்குத் தொல்லை. நம் கத்திரி வெயிலில் தகரக் கூரையின்கீழ் வைக்கப்பட்ட கூண்டு அதற்கு அடுப்பாகிவிடும். மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி நிலையம் தன்னுடைய முயல்களைக் கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில் வளர்க்கிறது. அங்குள்ள குளுமையைச் சமவெளியில் நாம் தருவது எளிதன்று. நிழலும் காற்றோட்டமும் ஈரச் சாக்கும் மண் சட்டியில் குளிர்ந்த நீரும் இரண்டு முயல்களுக்கும் போதிய அளவு தர முடியுமா? ஓடியாட இடம் உண்டா? ஓயாது வளரும் அதன் பற்கள் தேயுமளவுக்கு நாள் முழுதும் மெல்லப் பச்சைப் புல்லும் உலர்ந்த புல்லும் கோடையிலும் கிடைக்குமா?

மற்றொன்று காலம். நன்றாகப் பேணப்படும் முயல் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள்வரை வாழக்கூடும். இன்று பத்து வயதுச் சிறுமி கேட்கும் துணை முயல், அவள் கல்லூரிக்கு விடுதி சென்ற பின்னும் கூண்டில் இருக்கும். அவளுக்கு நிக்காஹ் நடக்கும் நாளிலும் இருக்கலாம். அப்போது புல் அறுத்து வரப்போவது யார்? இரண்டில் ஒன்று முன்னதாக இறந்துவிட்டால், எஞ்சிய மற்றொன்றுக்கு மூன்றாவது ஒன்றைத் தேடுவதா? இந்தச் சங்கிலிக்கு முடிவு எங்கே? வாங்கும் நாளில் இக்கேள்விகளுக்கு விடை கூற இயலாவிட்டால், அந்த வீடு இரண்டாவது முயலுக்கு இன்னும் தயாராகவில்லை என்றே பொருள்.

மூன்று வழிகள்

அப்படியாயின் முடிவு என்ன? நம் கருத்தில் வழிகள் மூன்றே உள்ளன. நான்காவதாக ஒன்றைப் பலர் பின்பற்றுகிறார்கள், அது வழியாகாது.

இடமும் வசதியும் அறிந்த மருத்துவரும், முக்கியமாக ஆண்டுக்கணக்கில் உடன் நிற்கும் மனமும் உள்ள இல்லமாக இருந்தால், இரண்டாவது முயலை வாங்குவது நன்று. அதற்கும் அப்பால், முதல் முயலுக்கு நாம் பட்டிருக்கும் கடனைச் செலுத்துவதும் ஆகும். சந்தையில் புதிதாக வாங்குவதைவிட, வேறொரு வீட்டில் கவனிப்பாரின்றி ஒற்றையாக ஒடுங்கிக் கிடக்கும் முயலைக் கேட்டுப் பெறுவது மேலானது. ஒரே செயலில் இரண்டு தனிமைகள் தீரும்.

இந்த வசதி இல்லாத இல்லத்தார் இரண்டாவதை வாங்காமல் இருப்பதே இரக்கம். ஆனால் அதோடு கடமை முடிந்துவிடாது. துணை தர இயலாதவர் தம்மையே துணையாகத் தர வேண்டும். முயல் நண்பகலில் உறங்கி வைகறையிலும் அந்தியிலும் துள்ளும் பிராணி. ஃபஜ்ருத் தொழுகைக்கும் மஃரிபுத் தொழுகைக்கும் எழும் இல்லத்தாருக்கு இதைவிடப் பொருத்தமான வேளை வேறில்லை. கூண்டைத் திறந்துவிட்டு, கட்டாந்தரையில் அதன் அருகே அரைமணி நேரம் அமர்ந்திருப்பதில் செலவொன்றும் இல்லை. மனிதன் இன்னொரு முயலுக்கு முழு ஈடாக மாட்டான். ஆயினும் நாள்தோறும் தவறாமல் வந்து அமரும் மனிதன், மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சிவிட்டுச் செல்லும் பத்துப் பேரைவிட மேலானவன்.

அதற்கும் இயலாதவர், முயல்களைக் கூட்டமாக நல்ல முறையில் பேணும் இல்லத்திற்கு அதைக் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகள் அழுவார்கள். அந்த அழுகையின் ஊடே, நேசிப்பது வேறு, உடைமையாக வைத்துக்கொள்வது வேறு என்ற பாடத்தை அவர்கள் கற்றுக்கொள்வார்கள். வாழ்நாள் முழுதும் அவர்களுக்குப் பயன்படும் பாடம் அது.

நான்காவதாக நடப்பது, கல்வராயன் மலைப் பக்கம் கொண்டுபோய் ‘விடுதலை’ செய்துவிடுவது. கூண்டில் பிறந்து வளர்ந்த முயலுக்கு அந்தக் காடு தாய்வீடு அன்று. நாய்க்கும் நரிக்கும் பருந்துக்கும் முதல் இரவிலேயே இரையாகும். தப்பினாலும் அங்குள்ள உயிர்களுக்கு அந்நிய இனத்தைப் புகுத்திய குற்றம் வந்து சேரும். கதவைத் திறந்துவிடுங்கள் என்ற சொல்லுக்கு, தன் உணவைத் தானே தேடிக்கொள்ளக்கூடிய உயிரைத் திறந்துவிடுங்கள் என்பதே பொருள். அந்த ஆற்றலைப் பல தலைமுறைகளாக மனிதனிடம் இழந்துவிட்ட பிராணியை வெளியே தள்ளுவது கைகழுவுவதே ஆகும்.

பிணை

உமறுப் புலவர் பாடிய சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் என்று ஒரு பகுதி இருக்கிறது. வேடனிடம் அகப்பட்ட பெண்மான், தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்பி வரத் தவணை கேட்கிறது. அது வரும்வரை நாயகம் (ஸல்) அவர்களே வேடனிடம் பிணையாக நிற்கிறார்கள். தமிழ் முஸ்லிம் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாகப் பெரியவர்கள் சொல்லிப் பிள்ளைகள் கேட்டு வந்த வரலாறு இது.

தமிழில் பிணை என்ற சொல்லுக்குப் பெண்மான் என்றும் பொருளுண்டு. ஈடாக நிற்றல் என்றும் பொருளுண்டு. ஒன்றோடொன்று கட்டுண்டிருத்தல் என்றும் பொருளுண்டு. அந்தப் படலத்தில் மூன்று பொருளும் ஒருங்கே நிற்கின்றன. வேடன் அந்த மானை இரையாகக் கண்டான். அதற்கு ஒரு கன்று உண்டு, அது காத்திருக்கும் என்று கண்டவர்கள் நாயகம் (ஸல்) அவர்கள். கட்டுண்ட ஓர் உயிரை அதன் உறவுகளோடு சேர்த்துப் பார்க்கும் கண்ணையே அந்த வரலாறு நமக்கு வழங்குகிறது. கூண்டில் முயலை வைத்திருப்பவர் அந்த உயிருக்குப் பிணை நிற்பவர். அதன் வயிற்றுக்கும், நோய்க்கும், முதுமைக்கும், தனிமைக்கும் அவரே ஈடு.

இரண்டாவது முயலைப் பற்றிய கேள்வி, உண்மையில் முதல் முயலை வாங்கும்போதே கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி. இனி முயலோ கிளியோ மீனோ வாங்க எண்ணும் பெற்றோர், விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேட்கட்டும்: இதை அடைக்கும் கதவு இதனிடமிருந்து எதையெல்லாம் பறிக்கிறது, அவற்றுள் எதையெல்லாம் நம்மால் திருப்பித் தர இயலும்? இந்தக் கணக்கைப் பிள்ளைகளையும் அருகில் உட்காரவைத்துப் போட்டுப் பார்ப்பது, பலநாள் உபதேசத்தைவிட அவர்கள் உள்ளத்தில் ஆழமாகப் பதியும். வாய் பேசாத உயிர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனை உணர்ந்து செலுத்தும் நல்ல உள்ளத்தை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.